மணவறைச் சுவரில் ஈரம்

— கிட்ட வாடா இக்சான். அந்தப் பையைக் கீழ வை. தட்டிப் பாக்கறேன், மோந்து பாக்கறேன்னு இப்பவே ஆரம்பிக்காத. இப்படிக் கட்டில் ஓரமா உக்காரு. இந்தச் சுவத்தோட கதைய முதல்ல சொல்றேன், இப்படி ஒண்ண நீ எந்த வீட்டுலயும் கேட்டிருக்க மாட்ட.

— பெரியம்மா, ஜும்மா தொழுகைக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வீடு பாக்கணும். மழை விட்டுப் போனதும் நம்ம சால்ட் ரிவர் ஏரியா முழுக்க பிளம்பரைத்தான் தேடுது. கதைய வேலை பாத்துக்கிட்டே கேக்கறேனே.

— அந்த ரெண்டு வீட்டுலயும் ஞாயித்துக்கிழமை கல்யாணமா? இல்லல்ல. அப்ப உக்காரு. கட்டில் தலைமாட்டுக்கு நேர் மேல பாரு. என்ன தெரியுது?

— ஈரம்.

— ஈரமாம். மாடு கால் நீட்டிப் படுத்த மாதிரி பரவிக் கிடக்குது, ஈரம்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்ட. ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சாச்சு. அடிச்ச மறுநாள் காலையில மஞ்சளா எட்டிப் பாத்துச் சிரிக்குது. ஞாயித்துக்கிழமை பார்ல் ஊருல இருந்து பொண்ணு நஜ்வா வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் மணவறை பாக்க வரிசையா உள்ள வருவாங்க. விரிப்பைத் தொட்டுப் பாப்பாங்க, தலகாணித் தையலைப் பாப்பாங்க, அப்புறம் தலைய நிமித்துவாங்க. தவ்ஹீரோட அம்மா புது மருமகளை ஒழுகற சுவத்தடியில படுக்க வச்சான்னு போற வழியெல்லாம் பேசிக்கிட்டே போவாங்க.

— அவ்வளவு தூரம் பேச மாட்டாங்க பெரியம்மா.

— நான் பேசுவேன்டா. அவங்க வீட்டுல இப்படி இருந்தா நான் பேசுவேன். அதான் சொல்றேன்.

— சரி, கேளுங்க. உள்ள வர்றதுக்கு முன்னாடியே கூரைக்கு ஏறி இறங்கிட்டேன். வடிகால்ல இலை அடைச்சுக் கிடந்துச்சு, வாரிப் போட்டாச்சு. தகரம் எங்கயும் தூக்கல. கீசருக்குக் கீழ இருக்கற தட்டு எலும்பு மாதிரி காஞ்சிருக்கு, அதோட வால்வும் நல்லா இருக்கு. பின்பக்கக் குழாய்க்கு வாஷர் மாத்திட்டேன். இந்தக் குளிருக்கு எங்கயோ ஒரு இணைப்பு விட்டிருக்கு, ஆனா அது நம்ம பக்கம் இல்லபோல.

— நம்ம பக்கம் எப்படி இருக்கும்? இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட யாரு இருக்கா?

— சாலி மாமா.

— மாமாவாம். ரெண்டு வீட்டுக்கும் ஒத்தச் சுவரு, அந்தப் பாவம் ஒண்ணுதான் நான் செஞ்சது. என் வீட்டுக்காரர் ரவூஃப் இருந்தவரைக்கும் ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் முதல் வெயில்ல ஏணியைத் தூக்கிடுவார். வடிகால், கீசர், சாக்கடை மூடின்னு ஒண்ணு விடமாட்டார். இந்தச் சுவரையும் அவர்தான் தன் கையால பூசினார். எங்கம்மாவை ஆஸ்பத்திரியில வச்சிருந்த வாரம் அது. நான் அம்மாவோட திரும்பி வந்தா ரூம் புதுசா மினுமினுன்னு நிக்குது. அம்மாவோட கட்டில் இங்கதான கிடந்துச்சு, படுத்துக்கிட்டே பாக்க நல்லா இருக்கட்டும்னு பூசினேன்னார். அப்படிப்பட்ட சுவத்தை அந்த ஆளு ஊற வச்சுக் கெடுத்திருக்காரு.

— அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— நான் கேக்கறதா? அவர்கிட்ட நான் பேசி எத்தனை நோன்பு போயிடுச்சு. உனக்குத் தெரியாதா, உங்கம்மா சொல்லலையா?

— ஏதோ சமோசா விஷயம்னு சொன்னாங்க. நான் சிரிச்சிட்டேன்.

— சிரிப்ப. வறட்சிக்கு முந்தின வருஷம் அது. நோன்பு திறக்கற நேரத்துல தெருவுல தட்டுத் தட்டாப் போகும்ல. அவர் சம்சாரம் மைமூனா மவுத்தானதுக்கு அப்புறம் வந்த முதல் நோன்பு, மனுஷன் ஒண்டியா இருக்காரேன்னு தட்டு நிறைய சமோசா அனுப்பினேன். மறுநாள் தட்டு திரும்பி வருது, மேல அழகா ஒரு துணி போட்டு. துணியை எடுத்தா உள்ள என்ன இருக்குது? என் சமோசா.

— வேற யாராவது கொடுத்ததா இருக்கும் பெரியம்மா.

— நான் மடிச்ச மூலை எனக்குத் தெரியாதா? தொட்டுக்கூடப் பாக்கல. போன மாதிரியே வந்துச்சு, ஆறிப்போய். வெறும் தட்டா வந்திருந்தாக்கூட, பாவம் பொம்பளை இல்லாத வீடுன்னு விட்டிருப்பேன். உன் பண்டம் எனக்கு வேண்டாம், நீயே தின்னுன்னு மூஞ்சியில எறிஞ்ச மாதிரி இல்ல இது?

— அதுக்காக இத்தனை வருஷமா?

— அது மட்டும்னா மறந்திருப்பேன். அடுத்த வருஷம் வறட்சி வந்துச்சே. ஊரே குளிக்கத் தண்ணியில்லாம நாறுச்சு. நியூலண்ட்ஸ் ஊத்துல பாதி ராத்திரி வரைக்கும் கேனை வச்சுக்கிட்டு ஜனம் நின்னுச்சு. மீட்டர்ல ஒரு பெட்டிய மாட்டிட்டுப் போனாங்க, அன்னைக்கு அளவு தீந்தா தானா மூடிக்கும். யார் யாரு சிக்கனமா இருக்காங்கன்னு ஊர் வரைபடத்துல பச்சைப் புள்ளி வச்சாங்க. இந்தத் தெருவுல எல்லார் வீட்டுக்கும் புள்ளி இருந்துச்சு, ஒத்த மனுஷன் இருக்கற சாலி வீட்டுக்கு மட்டும் இல்ல. ஒரு ஆளு, இக்சான். ஒரு ஆளுக்கு அவ்வளவு தண்ணி எதுக்கு? அத்தனையும் எங்க போச்சு?

— நீங்க அதையும் கேக்கல.

— கேக்கலையே, சொன்னேன். மசூதி அடுக்களையில கஞ்சி கிண்டிக்கிட்டு எல்லார் முன்னாடியும் சொன்னேன். பிள்ளைங்க வாய் நனைக்கத் தண்ணியில்லாம நிக்குது, இங்க ஒருத்தர் தொழப் போறதுக்கு ஆத்தையே திருப்பி விட்டுக் குளிக்கறார்னு. அவர் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தார். கேட்டிருப்பார். கேக்கட்டும்னுதான் சொன்னேன்.

— ஒண்ணும் சொல்லலையா அவரு?

— என்னன்னு சொல்வார்? செருப்பை மறுபடி மாட்டிக்கிட்டு வேற மசூதிக்குப் போயிட்டார். இன்னைக்கு வரைக்கும் அங்கதான் போறார்.

— உங்க வீட்டுல பெட்டி மாட்டலையா?

— மாட்டினாங்க. முதல் வாரம் மத்தியானமே மூடிக்கிச்சு. அம்மா படுக்கையில, நாள் முழுக்க விரிப்பு துவைக்கணும். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்கு அப்புறம் ஒருநாள்கூட தண்ணி நிக்கல. ரவூஃப் தண்ணி ஆபீசுக்குப் போய்ப் பேசி சரிபண்ணிட்டார். என் மனுஷனுக்கு வாய் எப்பவும் தேன். நீ எழுந்திரு, இப்ப வேலையப் பாரு. இதைச் சொல்லத்தான் உக்கார வச்சேன். நீ அந்தப் பக்கம் போய்க் கேக்கும்போது இளிச்சுக்கிட்டு நிக்கக்கூடாது.

— முதல்ல தெருவோர மீட்டர்ல நம்ம மெயினை மூடிடறேன். மூடினதும் ஈரம் நின்னா நம்மது, நிக்கலைன்னா அவரது. தகராறே வேண்டாம், குழாயே சாட்சி சொல்லும்.

— மூடு. நான் அதுக்குள்ள டீ போடறேன். ஃப்ரிட்ஜ் மேல கூசிஸ்டர் பலகாரம் இருக்கு, எடுத்துக்கோ. தேங்காய்ப்பூ உதிராம தின்னு.

— மூடிட்டேன் பெரியம்மா. மீட்டர் முள்ளு நின்னுடுச்சு. உளியை மட்டும் இப்படி எடுத்துக் கொடுங்க, பூச்சைக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கறேன்.

— இக்சான். இக்சான் தம்பி, உள்ள இருக்கியா? பின்பக்கமா வந்தேன், கதவு திறந்திருந்துச்சு. சுத்தியல் சத்தம் கேட்டுச்சே.

— வாங்க சாலி மாமா. உங்களைப் பாக்கத்தான் வரலாம்னு இருந்தேன். இந்த ஈரத்தைப் பாருங்க.

— யாரு வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம் இக்சான். வந்தவரை அந்த விரிப்பு மேல கால் வைக்க வேண்டாம்னு மட்டும் சொல்லு.

— வைக்கல ஃபல்தீலா. ஓரமாத்தான் நிக்கறேன். அது கிடக்கட்டும். தம்பி, சுவத்தை உடைக்கப் போறியா?

— கொஞ்சமாத்தான் மாமா. எங்க விட்டிருக்குன்னு பாக்கணும்ல.

— உடைக்காதப்பா. ஞாயித்துக்கிழமை கல்யாணம். இப்ப உடைச்சா தூசி, குப்பை. ஒரு பெரிய துணியா எடுத்து மடிப்பு மடிப்பா மேல இருந்து தொங்க விட்டா அலங்காரமாவும் இருக்கும், ஈரமும் தெரியாது. துணி நான் வாங்கித் தர்றேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் என் பக்கத்துல இருந்து நானே பாத்துக்கறேன்.

— கேட்டியாடா, கேட்டியா? தானே பாத்துக்கறாராம். ஒழுகறது அவர் பக்கம்னு அவர் வாயாலயே வந்திடுச்சு. தெரிஞ்சும் இத்தனை நாள் சும்மா இருந்திருக்கார். துணி போட்டு மூடச் சொல்றார். தட்டு மேல துணி போட்டு அனுப்பின ஆளுதானே, மூடறது ஒண்ணும் புதுசு இல்ல.

— நான் சும்மா இருக்கல ஃபல்தீலா. நாப்பது வருஷம் ரயில்வே பட்டறையில குழாய் மாட்டினவன் நான். ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் என் வீட்டுக் குழாய் ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்துடுவேன்.

— அவர் தொட்டுப் பாத்த லட்சணம் என் மருமக தலைக்கு மேல வழியுதுன்னு சொல்லு இக்சான். என் மகன் கல்யாணத்துல என்னை அசிங்கப்படுத்தணும்னு இருந்திருக்கார். வாயைத் திறந்து திட்டியிருந்தா மனுஷன்னு சொல்லலாம். சுவரை நனைச்சு ஒருத்தர் பழி வாங்குவாங்களா?

— பெரியம்மா, போதும். உளி எடுக்கறேன்.

— எடு. இந்தா, முதல்ல டீயைக் குடி. அவருக்கும் ஒரு கப் இருக்குன்னு சொல்லு, எதிரி வீட்டுக்கு வந்தாலும் டீ கொடுக்காம அனுப்பற பழக்கம் இந்த வீட்டுல இல்ல.

— கொடுங்க. பெரியம்மா, ஒரு நிமிஷம். இந்த டீ எந்தத் தண்ணியில போட்டீங்க?

— எந்தத் தண்ணியில போடுவாங்க? குழாய்த் தண்ணியிலதான். கெட்டிலை நிறைச்சேன், போட்டேன். கப்பு வேற கழுவினேன்.

— நான் மெயினை மூடினதுக்கு அப்புறமா?

— நீதான் மூடிட்டேன்னு கத்தினியே, அதுக்கு அப்புறம்தான். ஏன், நாறுதா?

— குழாயை இப்பத் திறங்க.

— திறந்துட்டேன். வருது. ஜோராத்தான் வருது.

— வரக்கூடாதே. மெயினை மூடினா ஒரு சொட்டு வரக்கூடாது. சாலி மாமா, கொஞ்சம் போய் உங்க வீட்டு மெயினை மூடிட்டு வாங்க.

— அது கிடக்கட்டும்பா. டீ ஆறிடும்.

— அப்ப நானே போறேன். பெரியம்மா, குழாயைத் திறந்தபடியே வைங்க. எப்ப நிக்குதுன்னு சொல்லுங்க.

— சொல்றேன். ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஓடுது. சிறுத்துப் போச்சு. நின்னுடுச்சு இக்சான்.

— நான் இப்பத்தான் மூடினேன். சாலி மாமா வீட்டு மெயினை.

— அப்படின்னா ரெண்டு வீட்டுக் குழாயும் உள்ள சேந்திருக்குது. சுவத்துக்குள்ள குழாய் போட்டு என் தண்ணிய உறிஞ்சியிருக்கார். அதான் அவருக்குப் புள்ளி வைக்கல. எவ்வளவு உறிஞ்சினாலும் தாகம் தீரல. அல்லாஹ், ஒரே சுவத்துல ஒட்டிக்கிட்டு ஒரு திருடனோட இருந்திருக்கேன்.

— என்ன வேணா சொல்லு ஃபல்தீலா. திருடன்னு மட்டும் சொல்லாத.

— பெரியம்மா, நிதானமாக் கேளுங்க. உங்க மெயின் மூடியிருந்தப்போ உங்க குழாய்ல தண்ணி வந்துச்சு. அவர் மெயினை மூடினதும் நின்னுடுச்சு. தண்ணி இங்கிருந்து அங்க போகல. அங்கிருந்து இங்க வருது.

— என்னடா சொல்ற?

— இதோ, பூச்சு உதிருது பாருங்க. ரெண்டு தட்டுக்கே வந்திடுச்சு. அவர் சமையலறைக்குழாய் சுவத்துக்குள்ள வந்து, திரும்பி, உங்க சமையலறைக்குப் போகுது. நடுவுல ஒரு வால்வு. ஒரு பக்கமாத்தான் விடும். உங்க தண்ணி நின்னா அவர் தண்ணி வரும். அவர் தண்ணி நின்னா உங்களது போகாது. சுத்தமான வேலை மாமா, யார் செஞ்சது?

— நானும் ரவூஃபும். அவன் சுவரை வெட்டினான், நான் மாட்டினேன். இவ அம்மாவோட ஆஸ்பத்திரியில இருந்த வாரம். அப்புறம் அவன் உக்காந்து பூசினான். பூசத் தெரியாது அவனுக்கு, மூணு தரம் உதிர்ந்து விழுந்துச்சு.

— இக்சான், அவரை நிறுத்தச் சொல்லு. ரவூஃப் ஆபீசுக்குப் போய்ப் பேசினார். என்கிட்ட சொன்னார்.

— போனான்மா. போய் நின்னான். அன்னைக்கு வரிசை தெரு முனை வரைக்கும் இருந்துச்சு, ஒண்ணும் நடக்கல. சாயந்திரம் என் வாசல்ல வந்து நின்னான். ஃபல்தீலா இடுப்பு வலியோட கேன் தூக்கறா, என்னால பாக்க முடியல சாலின்னான். உன் வீட்டுல ஒரு ஆளு, என் வீட்டுல சீக்காளி, உன் பங்குல கொஞ்சம் கொடுன்னான். நான் எடுத்துக்கோன்னேன்.

— அதை என்கிட்ட சொல்றதுக்கு அவருக்கு வாய் இல்லையா?

— சொன்னா நீ அந்தக் குழாயைத் திறப்பியா? ரவூஃப் அதைத்தான் சொன்னான். உன் தண்ணின்னு தெரிஞ்சா அவ ஊத்துக்கே போய் நிப்பா, இடுப்பு உடைஞ்சாலும் தொட மாட்டா, அதனால நான் சாகற வரைக்கும் சொல்லாத, செத்ததுக்கு அப்புறமும் சொல்லாதன்னான். நான் சரின்னுட்டேன். சொன்ன சொல்லுல்ல.

— அப்ப அந்தப் பச்சைப் புள்ளி.

— அது கிடக்கட்டும்மா.

— கிடக்கட்டுமா? நான் அடுக்களையில நின்னு அத்தனை பேர் முன்னாடி பேசறேன், இவர் கிடக்கட்டும்னு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிருக்கார். என்ன மனுஷன்டா இவரு? ஒரு வார்த்தை. ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா என் வாயை அடைச்சிருக்கலாம். அந்த ரவூஃபும் பாரு, ராத்திரி வந்து படுத்துக்கிட்டு நான் சாலியைத் திட்டறதைக் கேட்டுக்கிட்டே தூங்கியிருக்கார். உம்னு ஒரு சத்தம்கூடப் போடல. ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கி வச்சிருக்காங்க.

— பெரியம்மா, உக்காருங்க. அப்புறம் பேசலாம்.

— உக்காரல. கேளுடா அவரை. அவர் தண்ணியில கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு, அந்த ஈரம் காயறதுக்குள்ள அவரையே திட்டியிருக்கேன். அந்தத் தொழுகையெல்லாம் செல்லுமா, செல்லாதா? கேளு.

— செல்லும் ஃபல்தீலா. திருடின தண்ணி இல்ல. மனசாரக் கொடுத்தது.

— அம்மா மவுத்தானது ஒரு சாயந்திரம், இக்சான். நீ சின்னப் பையன், உனக்கு ஞாபகம் இருக்காது. தெரு முழுக்க அந்த நேரம் குழாய் மூடியிருக்கும். குளிப்பாட்ட வந்த பொம்பளைங்க கேன்ல தண்ணி தூக்கிட்டு வந்தாங்க, போதாதேன்னு பயந்துக்கிட்டே. நான் குழாயைத் திறந்தேன். நல்லா வந்துச்சு. அம்மாவுக்குத் தலைமுதல் கால்வரைக்கும் குறையில்லாம ஊத்தினோம். ரவூஃப் அந்தக் கதவோரமா நின்னு அழுதுக்கிட்டு இருந்தார். அம்மாவுக்காக அழறார்னு நினைச்சேன்.

— அன்னைக்கு நான் எதையும் திறக்கலம்மா என் வீட்டுல. ஒரு டம்ளர்கூட. உங்க பக்கம் குறைஞ்சிடக்கூடாதுன்னு.

— மாமா, இதுவரைக்கும் ஒழுகாத குழாய் இந்த வருஷம் ஏன் ஒழுகுது?

— என் தப்புத்தான் தம்பி. மழை விட்டதும் என் பக்கத்து அலமாரிக்குள்ள கையை விட்டு அந்த இணைப்பை ஒரு முறுக்கு முறுக்கி வைப்பேன். இந்த வருஷம் விரல்ல உணர்ச்சி கம்மி. முறுக்கு கூடிடுச்சு, கீறல் விட்டிருக்கும். அதை மூடலாம்னா உங்க பக்கம் மீட்டர்ப் பெட்டி இன்னும் மாட்டியே இருக்கு, கல்யாண வீட்டுல சாயந்திரமாத் தண்ணி நின்னுடும். என்ன செய்யறதுன்னு தெரியாமத்தான் துணி போடச் சொன்னேன்.

— அந்த சமோசா விஷயத்தையும் கேட்டுடு இக்சான். இன்னைக்கோட முடியட்டும்.

— எந்த சமோசா?

— மாமா, நீங்க நோன்புல ஒரு தட்டு திருப்பி அனுப்பினீங்களாம், பெரியம்மா செஞ்ச சமோசாவையே வச்சு.

— ஆமா. மைமூனா போனதுக்கு அப்புறம் எனக்கு எதுவும் இறங்கல. தட்டை வெறுமையா அனுப்பக்கூடாதுன்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா. வீடு முழுக்கத் தேடினேன். கொடுக்கற மாதிரி நல்ல பண்டம் அது ஒண்ணுதான் இருந்துச்சு.

— கேட்டியாடா. இதுக்கு நான் இத்தனை வருஷம்.

— பெரியம்மா, நேரம் ஆகுது. இப்ப என்ன செய்யட்டும்? இந்தக் குழாயை அறுத்து ரெண்டு பக்கமும் அடைச்சிடவா?

— அறுப்பியா? கையை உடைப்பேன். புது இணைப்பு போடு. அந்த வால்வு இருக்குல்ல, ஒரு பக்கமா விடறது, அதைக் கழட்டி எறி.

— கழட்டினா தண்ணி ரெண்டு பக்கமும் ஓடும் பெரியம்மா. அது விதிப்படி கூடாது.

— இத்தனை வருஷம் சுவத்துக்குள்ள ஒளிஞ்சிருந்தது மட்டும் விதிப்படியா? அவர் குழாய் நின்னா என் தண்ணி போகணும். கழட்டு.

— கழட்டறேன். ஆனா இந்த ஈரம் ஞாயித்துக்கிழமைக்குள்ள காயாது. பூச்சைப் பிரிச்சாச்சு, தென்கிழக்குக் காத்து நல்லா வீசினாத்தான் உள்ள காயும், ஒரு மாசமாவது ஆகும். மணவறைக்கு என்ன செய்யப் போறீங்க?

— சாலி அண்ணே.

— என்னையா கூப்பிட்ட?

— இங்க வேற எத்தனை சாலி நிக்கறாங்க? மைமூனாவோட முன் ரூம் காஞ்சு கிடக்குதா?

— நல்லாக் காஞ்சிருக்கு. யாரும் படுக்கறதில்ல. அவ போட்ட திரைகூட அப்படியே தொங்குது.

— திரை அப்படியே இருக்கட்டும். கட்டிலை இக்சான் இப்பவே தூக்கிட்டு வருவான், ஜும்மா தொழ நீங்க நம்ம மசூதிக்கு அவனோட போங்க. பார்ல்காரங்க அத்தனை பேரும் ஞாயித்துக்கிழமை உங்க வாசப்படி ஏறித்தான் மணவறை பாக்கணும். ஏன் இந்த வீட்டுலன்னு கேப்பாங்க. அடுக்களையில பேசின அதே வாயால, அதே பொம்பளைங்க முன்னாடி, தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சொல்றேன். என் மருமக கால் வைக்கப்போற வீடு அண்ணே அது. அல்லாஹ் அந்த வீட்டுக் கூரையை ஒழுகாம வைக்கட்டும், குழாயை வத்தாம வைக்கட்டும், உங்க விரலுக்கு உணர்ச்சியைத் திருப்பிக் கொடுக்கட்டும், இனிமே அந்த வாசல்ல எந்தத் தட்டும் ஆறிப்போய்த் திரும்பாம வைக்கட்டும்.